பாயின்ட் கார்டு: கணக்கு சிப்பில் இருக்கணுமா, சர்வரில் இருக்கணுமா?

கல்லாக்கணக்கு எழுதியது:

வணக்கம். மூன்று கிளை, மொத்தம் 11 கவுன்ட்டர் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பில்லிங் சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் பாயின்ட் திட்டம் சேர்க்க வேண்டும். 100 ரூபாய்க்கு 1 பாயின்ட், 1 பாயின்ட்டுக்கு 1 ரூபாய் கழிவு. முதலில் 5,000 கார்டு.

சப்ளையர் காட்டுவது ரீடரில் தட்டிப் படிக்கும் மைஃபேர் கிளாசிக் 1கே என்ற சிப் கார்டு, கூடவே ஒரு யூஎஸ்பி ரீடர். கார்டை வைத்தால் கீபோர்டில் தட்டியது போல 10 இலக்க எண் ஒன்று பில் திரையில் வந்து விழுகிறது. அதையே மெம்பர் நம்பராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மூன்று சந்தேகம்.

ஒரு கிளையில் நெட் அடிக்கடி போகும். பாயின்ட்டைக் கார்டிலேயே எழுதிவிட்டால் சர்வரே தேவையில்லை அல்லவா? இரண்டாவது, கிளாசிக் கார்டின் பாதுகாப்பை எப்போதோ உடைத்துவிட்டார்கள் என்று படித்தேன். வெறும் பாயின்ட்டுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மூன்றாவது கடைக்காரர் வீட்டுக் கேள்வி: கார்டு எதற்கு, மொபைல் நம்பர் போதாதா?

பிட்டும்பைட்டும் எழுதியது:

முதலில் அந்த 10 இலக்க எண். அது கார்டின் யூஐடி, அதாவது சிப் தயாரிக்கும்போதே எழுதப்படும் 4 பைட் எண். அதை மெம்பர் நம்பராக வைத்தால் மூன்று விதத்தில் மாட்டுவீர்கள்.

ஒன்று, ரீடருக்கு ரீடர் பைட் வரிசை மாறும். யூஐடி 02 63 18 74 என்று வைத்துக்கொள்ளுங்கள் (பதினாறடிமானத்தில்). ஒரு ரீடர் இதை 0040048756 என்று கொடுக்கும். பைட்டைத் திருப்பிப் படிக்கும் இன்னொரு ரீடர் 1947755266 என்று கொடுக்கும். இரண்டு வருடம் கழித்து ரீடர் பழுதாகி வேறு மாடல் வாங்கினால், அந்தக் கவுன்ட்டரில் மட்டும் எந்த மெம்பரையும் காணவில்லை என்று சாஃப்ட்வேர் சொல்லும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களை எக்செல் விழுங்கிவிடுவது தனிக் கூத்து.

இரண்டு, 4 பைட் யூஐடி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்ற உத்தரவாதம் இப்போது இல்லை. எண்கள் தீர்ந்துபோய் மறுபடி பயன்படுத்துகிறார்கள். 5,000 கார்டில் மோத வாய்ப்பு மிகக் குறைவுதான், ஆனால் அதை நம்பி டேட்டாபேஸ் டேபிள் கட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. யூஐடி ரகசியம் அல்ல. கீ (கார்டைத் திறக்கும் ரகசிய எண்) எதுவும் இல்லாமல் எந்த ரீடரும் படிக்கும். யூஐடியை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. படித்து, அதில் எழுதி, வேறு ஆளின் பாயின்ட்டில் சாமான் வாங்க ஒரு நிமிடம் போதும். யூஐடி மட்டும் படிப்பதானால் அதில் இருக்கும் சிப்புக்குப் பணம் கொடுப்பதே வீண். பார்கோடு அடித்த அட்டை அதே வேலையைச் செய்யும்.

அடுத்து, சிப்புக்குள் எழுதுவது. 1கே கார்டில் 16 செக்டர், ஒவ்வொன்றிலும் 4 பிளாக், பிளாக்குக்கு 16 பைட். மொத்தம் 1,024 பைட். இதில் ஒவ்வொரு செக்டரின் கடைசி பிளாக்கும் கீக்காகப் போய்விடும், முதல் செக்டரின் முதல் பிளாக் தயாரிப்பாளருடையது. மிஞ்சுவது 47 பிளாக், 752 பைட். பாயின்ட்டுக்கு இது தாராளம்.

கடைசி பிளாக்கில் 6 பைட் கீ ஏ, 4 பைட் அனுமதி பிட்டுகள் (எந்தக் கீ எதைச் செய்யலாம் என்பதைச் சொல்பவை) வகையறா, 6 பைட் கீ பி. புதுசாகச் செய்பவர்கள் கார்டைக் கெடுப்பது இங்கேதான். அந்த பிளாக்கைப் படித்தால் கீ ஏ எப்போதும் பூஜ்ஜியமாகவே காட்டும், உண்மைக் கீயைக் காட்டாது. படித்ததில் கீ பி-யை மட்டும் மாற்றி அப்படியே திரும்ப எழுதினீர்களோ, கீ ஏ உண்மையிலேயே பூஜ்ஜியமாகிவிடும். அனுமதி பிட்டுகள் நேராக ஒருமுறை, தலைகீழாக (0 இடத்தில் 1, 1 இடத்தில் 0) ஒருமுறை எழுதப்படுகின்றன. இரண்டும் பொருந்தவில்லையென்றால் அந்த செக்டர் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க வழியே கிடையாது. சோதனைக்கென்று 20 கார்டு தனியாக வாங்கி வையுங்கள், நிச்சயம் சில போகும்.

பாயின்ட்டை வைக்க வேல்யூ பிளாக் என்று ஒரு வகை உண்டு. அதே எண்ணை மூன்று முறை (ஒன்று தலைகீழாக) எழுதி வைத்திருக்கும். கூட்டு, கழி என்ற கட்டளை மட்டும் கொடுத்தால் போதும். கீ ஏ வைத்திருப்பவர் கழிக்க மட்டும், கீ பி வைத்திருப்பவர் கூட்டவும் செய்யலாம் என்று பிரித்து அமைக்க முடியும். மெட்ரோ, கேன்டீன் போன்ற இடங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. பணம் ஏற்றும் கவுன்ட்டர் ஒன்றில் மட்டும் கீ பி இருக்கும், மற்ற எல்லா மிஷினும் கழிக்க மட்டுமே செய்யும்.

பாயின்ட் திட்டத்தில் இந்த ஏற்பாடே தலைகீழ். ஒவ்வொரு பில்லுக்கும் பாயின்ட் ஏற வேண்டும், ஆகவே 11 கவுன்ட்டரிலும் கூட்டும் கீ இருந்தாக வேண்டும். அதை எக்ஸ்இ ஃபைலுக்குள்ளோ கான்ஃபிக் ஃபைலிலோ வைத்தால், பழுது பார்க்க வருகிற ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டாலே போதும். உங்கள் 5,000 கார்டில் எதிலும் எவ்வளவும் ஏற்றலாம். திருடன் வெளியிலிருந்து கார்டை உடைத்துக்கொண்டு வருவான் என்று கவலைப்படுவதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள்.

உடைந்த கதைக்கு வருகிறேன். கிளாசிக் பயன்படுத்தும் கிரிப்டோ1 என்ற என்கிரிப்ஷன் முறையின் கீ 48 பிட்தான். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அதன் உள்ளமைப்பை வெளியிட்டார்கள். 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் முழுத் தாக்குதலையும் எழுதினார்கள். தயாரிப்பாளரான என்எக்ஸ்பி அதை வெளியிடக்கூடாது என்று நீதிமன்றம் போய்த் தோற்றது. சந்தையில் "1கே" என்று மலிவாகக் கிடைக்கும் பல கார்டுகளில் இருப்பது என்எக்ஸ்பி சிப் அல்ல, ஃபூடான் நிறுவனத்தின் ஒத்த சிப். அதன் ஒரு மாடலில் எல்லாக் கார்டுக்கும் பொதுவான பின்வாசல் கீ இருப்பதை 2024 ஆகஸ்டில் பிரான்ஸின் குவார்க்ஸ்லாப் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். சப்ளையரிடம் எந்த சிப் என்று எழுதி வாங்குங்கள்.

சும்மாஒருகருத்து எழுதியது:

அவ்வளவு தலைவலி எதுக்கு? மொபைல் நம்பரைக் கேளுங்க, பில்லில் போடுங்க, முடிஞ்சது. கார்டைக் கொண்டு வர மறந்துட்டேன் என்ற பேச்சே கிடையாது. பெரிய கடைகள் எல்லாம் இப்படித்தானே ஓடுது.

வரவுசெலவு எழுதியது:

ஓடுது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே ஒழுகுகிறது என்றும் பாருங்கள். திட்டத்தில் சேராத வாடிக்கையாளர் 2,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டுப் போகிறார். பில் முடிக்கும் முன் கேஷியர் தன் நம்பரையோ, சித்தப்பா நம்பரையோ அடித்துவிடுகிறார். 20 பாயின்ட். ஒரு நாளைக்குப் பத்து பில்லில் இப்படிச் செய்தால் மாதம் 6,000 ரூபாய் வரை போகும். வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை, அதனால் புகார் வராது. கையில் ஒரு பொருள் இருந்து அதைத் தட்டினால்தான் பாயின்ட் என்றால் இது குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன். கேஷியர் தன் கார்டை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டும் இதையே செய்யலாம்.

அதனால் மொபைலோ கார்டோ, இரண்டு கட்டுப்பாடு கட்டாயம். ஒரு மெம்பருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 2 பில்லுக்குத்தான் பாயின்ட். அடுத்து வாரம் ஒருமுறை ஒரு ரிப்போர்ட்: ஒரே மெம்பர், ஒரே கேஷியர், 5 பில் அல்லது அதற்கு மேல் யாரெல்லாம் என்று. ஒரு குடும்பம் வாரத்தில் ஐந்து முறை சாமான் வாங்கலாம். ஐந்து முறையும் அதே கேஷியரிடமே பில் போட்டால் கூப்பிட்டுப் பேச வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம். கடைகள் மொபைல் நம்பர் கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. அதே ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வசதி தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம், அதாவது தமிழிலும். விண்ணப்பப் படிவத்தை இப்போதே தமிழில் அடியுங்கள். நம்பர் தர விரும்பாதவருக்கும் பாயின்ட் கொடுக்கக் கார்டு வழி செய்கிறது. பெயரில்லாத கார்டு, மெம்பர் நம்பர் மட்டும். ஹாங்காங்கில் பஸ், ரயில் கட்டணத்துக்கான ஆக்டோபஸ் கார்டின் பாயின்ட் திட்டத்தில் சேர்ந்தவர்களின் விவரங்களை மற்ற நிறுவனங்களுக்கு விற்றது 2010-இல் வெளியாகி, தலைமை நிர்வாகியே பதவி விலக நேர்ந்தது. பாயின்ட் திட்டத்தில் சேரும் விவரம் பாயின்ட்டை விட விலை அதிகம் என்று அப்போதே தெரிந்த விஷயம்.

மொபைலிலேயே போவதானால் எஸ்எம்எஸ் செலவையும் கணக்கில் சேருங்கள். வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோரைப் பதியும் டிஎல்டி தளத்தில் கடையின் பெயரும் ஒவ்வொரு செய்தியின் டெம்ப்ளேட்டும் பதிவு செய்யாமல் ஒரு எஸ்எம்எஸ்கூடப் போகாது.

கல்லாக்கணக்கு எழுதியது:

யூஐடி விஷயம் புரிந்தது. அப்படியானால் கிளாசிக்கை விட்டுவிட்டு, அதே என்எக்ஸ்பியின் பாதுகாப்பு கூடிய டெஸ்ஃபயர் கார்டுக்குப் போகலாமா? கார்டிலேயே பாலன்ஸ் வைத்தால் நெட் இல்லாத நேரத்தில் வேலை ஓடும் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்புறம் ஒன்று: எழுதிக்கொண்டு இருக்கும்போதே வாடிக்கையாளர் கார்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சோதனையில் இரண்டு முறை அப்படி நடந்து பாலன்ஸ் படிக்கவே முடியாமல் போனது.

பிட்டும்பைட்டும் எழுதியது:

அது கிளாசிக் வேல்யூ பிளாக்கில் எதிர்பார்த்ததுதான். மூன்று பிரதியும் எழுதி முடியும் முன் ரீடரிலிருந்து சிப்புக்கு வரும் மின்சாரம் போய்விட்டது, பிரதிகள் பொருந்தவில்லை, சிப் அதை வேல்யூ பிளாக்காகவே ஏற்காது. கிளாசிக்கிலேயே நிற்பதானால் இரண்டு பிளாக் வைத்து, ஒரு பில்லுக்கு ஒன்று, அடுத்த பில்லுக்கு மற்றொன்று என மாற்றி மாற்றி எழுதுங்கள், கூடவே வரிசை எண். ஒன்று கெட்டால் மற்றதில் ஒரு பில் பழைய கணக்காவது இருக்கும்.

டெஸ்ஃபயரில் இதற்கு ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. பாலன்ஸ் இருக்கும் வேல்யூ ஃபைலில் கூட்டியது, கழித்தது எதுவும் கமிட் (உறுதிசெய்) கட்டளை போகும்வரை நடைமுறைக்கு வராது. நடுவில் கார்டை எடுத்தால் பழைய பாலன்ஸ் அப்படியே இருக்கும். பாதி எழுதியது என்ற நிலையே கிடையாது. என்கிரிப்ஷனும் ஏஇஎஸ் 128 பிட். விலை கிளாசிக்கை விடக் கூடுதல்தான். ஆனால் பாலன்ஸைக் கார்டில் வைக்கப்போகிறீர்கள் என்றால் வேறு வழி இல்லை.

ஒரு பொந்து மட்டும் அதிலும் உண்டு. கமிட் கார்டுக்குள் முடிந்துவிட்டது, முடிந்தது என்ற பதில் ரீடருக்கு வரும் முன் கார்டை எடுத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் தோல்வி என்று நினைத்து மறுபடி கழிக்கும். 50 பாயின்ட் இரண்டு முறை போய்விடும். இதைத் தடுக்க ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கார்டில் ஒரு வரிசை எண் வையுங்கள், ஒவ்வொரு கமிட்டிலும் பாலன்ஸோடு சேர்ந்து அதுவும் ஒன்று கூட வேண்டும். கார்டுக்குக் கட்டளை அனுப்பும் முன் பில் நம்பர், மெம்பர் நம்பர், வரவேண்டிய வரிசை எண் மூன்றையும் கவுன்ட்டர் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் "நிலுவை" என்று எழுதிவிடுங்கள். பதில் வரவில்லையா, கார்டை மறுபடி வைக்கச் சொல்லி வரிசை எண்ணை மட்டும் படியுங்கள். புது எண் இருந்தால் வேலை முடிந்தது, பில்லை அடியுங்கள். பழைய எண் என்றால் முதலிலிருந்து செய்யுங்கள். கமிட் உறுதியாகும் முன் பிரின்டருக்கு எதுவும் போகக்கூடாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி, சர்வரே வேண்டாமா என்பது. கார்டில் மட்டும் கணக்கு வைக்காதீர்கள். கார்டு தொலைந்தால் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் 800 என்பார், நீங்கள் மறுக்க ஆதாரம் இல்லை. பாயின்ட்டுக்கு ஒரு வருடக் கெடு வைக்க வேண்டுமென்றால் எந்தப் பாயின்ட் எந்தத் தேதியில் வந்தது என்று தெரிய வேண்டும், வேல்யூ ஃபைலில் இருப்பது ஒரே ஒரு கூட்டுத்தொகை. பிரிட்டனில் பூட்ஸ் மருந்துக்கடை நிறுவனம் 1997-இல் அட்வான்டேஜ் கார்டைச் சிப்போடு கொண்டுவந்து பாயின்ட்டைச் சிப்பிலேயே வைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன் வந்த டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டின் கிளப்கார்டு சிப் இல்லாமலேயே ஓடியது. கிளைக்கும் தலைமையிடத்துக்கும் தொலைபேசி லைன்தான் இணைப்பு என்றிருந்த காலத்தில் சிப்பில் வைப்பதற்கு நல்ல காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் நெட் போகும் அரை மணி நேரத்துக்கு மட்டும்தான்.

ஆகவே சர்வரில் இருப்பது கணக்கு, கார்டில் இருப்பது அதன் நகல். கார்டில் மெம்பர் நம்பர், கடைசி பாலன்ஸ், வரிசை எண், கடைசி 6 பரிவர்த்தனை. (பரிவர்த்தனைகளை, பழையதன்மேல் புதியது எழுதும் சுழற்சி ஃபைலில் வைப்பீர்கள். அதில் 6 வேண்டுமென்றால் 7 என்று உருவாக்குங்கள், ஒன்று காப்புக்குப் போய்விடும். இது தெரியாமல் ஒரு நாள் வீணாகும்.) பெயர், மொபைல், பிறந்தநாள் எதையும் கார்டில் எழுத வேண்டாம்.

நெட் இருக்கும்போது சர்வர் சொல்வதே பாலன்ஸ், கார்டில் வேறு எண் இருந்தால் அதைத் திருத்தி எழுதுங்கள். கார்டின் வரிசை எண் சர்வரில் இருப்பதை விட முன்னால் இருந்தால் மட்டும் திருத்தாதீர்கள், ஏதோ ஒரு கவுன்ட்டரின் கணக்கு இன்னும் சர்வருக்கு வரவில்லை என்று அர்த்தம். நெட் இல்லாதபோது ஏற்றுவதற்குத் தடை இல்லை. கழிக்கக் கார்டில் உள்ள பாலன்ஸ் வரை, அதுவும் 100 பாயின்ட்டுக்கு மேல் கூடாது. ஒரே ஆள் காலையில் ஒரு கிளை, மதியம் இன்னொரு கிளை என்று போனாலும் பாலன்ஸ் கார்டோடு வருவதால் இரட்டைச் செலவு நடக்காது. மொபைல் நம்பர் மட்டும் வைத்தால் இந்த இடத்தில்தான் மாட்டுவீர்கள்.

சர்வரின் டேபிளில் பாலன்ஸ் என்று ஒரு கட்டம் வைத்து அதில் உள்ள எண்ணை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வரவு ஒரு வரி, செலவு ஒரு வரி, எதையும் அழிக்காத பேரேடு. ஒவ்வொரு வரிக்கும் கிளை, கவுன்ட்டர், பில் நம்பர், வரவா செலவா என்ற குறி நான்கும் சேர்ந்த எண் ஒன்று, அது இரண்டாவது முறை வந்தால் சர்வர் வாங்கக்கூடாது. நெட் வந்ததும் கவுன்ட்டர் நிலுவையை நாலு முறை அனுப்பினாலும் ஒருமுறைதான் ஏறும். ஒரு கார்டின் வரிசை எண் 41, 43 என்று வந்து 42 வரவில்லையென்றால், நெட் இல்லாத ஏதோ ஒரு கவுன்ட்டரில் அது தூங்குகிறது. இரண்டு நாளில் வரவில்லையென்றால் அந்த மிஷினைத் தேடிப் போங்கள்.

கீ எங்கே வைப்பது என்பதற்கு விடை சாம். சிம் அளவில் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சிப், ரீடருக்குள் சொருகுவது. உங்கள் தாய்க் கீ அதற்குள் போய்விட்டால் வெளியே வராது. ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கீ, தாய்க் கீயையும் கார்டின் யூஐடியையும் வைத்து சாம் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு கார்டை உடைத்தாலும் அந்த ஒன்றுதான் போகும். சாம் சொருக இடமுள்ள ரீடர் வாங்குங்கள். ஏசிஆர்1252யு மாடலில் உண்டு. உங்கள் சப்ளையரின் கீபோர்டு ரீடரில் நிச்சயம் இருக்காது.

இதிலும் ஒரு ஓட்டை மிஞ்சும். சாம் கீயைக் காக்கும், கவுன்ட்டர் சாஃப்ட்வேர் பொய் சொன்னால் தடுக்காது. பில்லே இல்லாமல் 500 பாயின்ட் ஏற்று என்றால் அதுவும் ஏறும். டெஸ்ஃபயரின் ஈவி2 தலைமுறை முதல் பரிவர்த்தனை முத்திரை என்று ஒன்று இருக்கிறது. கமிட் ஆகும்போது கார்டே ஒரு முத்திரையைக் கணக்கிட்டுத் தரும், அதற்கான கீ கவுன்ட்டரிலும் இல்லை, சாமிலும் இல்லை, கார்டிலும் சர்வரிலும் மட்டும். எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை மாற்றிச் சொல்ல முடியாது. 11 கவுன்ட்டர் கடைக்கு இது அதிகப்படியா என்றால், ஆமாம், அதிகப்படிதான். ஆனால் ஈவி1-க்குப் பதில் ஈவி2 அல்லது ஈவி3 வாங்கி வைத்தால் பின்னால் தேவைப்படும்போது கார்டை மாற்ற வேண்டியிருக்காது.

இதையெல்லாம் செய்யும் முன் அந்தக் கிளைக்கு ஒரு 4ஜி டாங்கிள் வாங்கிப் போட்டுப் பாருங்கள். நெட் பிரச்சினை அதிலேயே தீர்ந்தால், மெம்பர் நம்பர் மட்டும் எழுதிய கார்டு, கணக்கு முழுக்க சர்வரில், என்று பாதி வேலை மிச்சம்.

தாமிரக்கம்பி எழுதியது:

சிப்புக்கு வெளியே நடக்கிற கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன் சார், சாஃப்ட்வேர்காரர்கள் இதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

கவுன்ட்டர் மேஜை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ரீடரை நேராக அதன்மேல் வைக்காதீர்கள். உலோகம் ஆன்டெனாவின் புலத்தை விழுங்கும். 4, 5 செ.மீ தூரத்தில் படித்த ரீடர் ஒட்டி வைத்தால்தான் படிக்கும், சில நேரம் அதுவும் இல்லை. அடியில் ஃபெரைட் ஷீட் ஒட்டுங்கள், அல்லது ஒரு அங்குல மரக்கட்டை. கிரானைட், மரம், கண்ணாடி பிரச்சினை இல்லை. பக்கத்திலேயே பேங்க் கார்டு தட்டும் மிஷின் இருக்கும். அதுவும் இதே 13.56 மெகாஹெர்ட்ஸ்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும்.

கார்டில் தொங்கவிட ஓட்டை போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் அதிகம் கார்டைக் கொல்லும். ஆன்டெனாச் சுருள் கார்டின் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது. பஞ்ச் பண்ணினால் சுருள் அறுந்தது, கார்டு செத்தது. சாவிக்கொத்து வேண்டுமென்றால் அதற்கென்றே வரும் டேக் வாங்குங்கள்.

கார்டு பிரின்டரில் பெயர், லோகோ அடிப்பதானால் சிப் இருக்கும் இடம் லேசாகப் புடைத்திருக்கும், அங்கே மை ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். அந்த இடத்தில் வெளிர் நிறம் வருகிற மாதிரி டிசைன் போடச் சொல்லுங்கள். கார்டு நம்பரும் பார்கோடும் பின்பக்கம் கட்டாயம் அடியுங்கள். சிப் செத்துப்போனாலும் பார்கோடை ஸ்கேன் செய்து பாயின்ட் ஏற்றலாம். கழிக்க மட்டும் விடாதீர்கள், பார்கோடை போட்டோ எடுத்து வந்துவிடுவார்கள்.

பர்ஸோடு வைத்துத் தட்டுவார்கள். உள்ளே பேங்க் கார்டு, ஆபீஸ் கார்டு எல்லாம் இருக்கும், ரீடர் எதையாவது ஒன்றைப் பிடிக்கும். உங்கள் அப்ளிகேஷன் இல்லாத கார்டு வந்தால் "வேறு கார்டு, பர்ஸிலிருந்து எடுத்து வைக்கவும்" என்று திரையில் வரட்டும், வெறும் பிழை எண் காட்டாதீர்கள். போனையே கார்டாகப் பதிந்து தரச் சொல்லியும் கேட்பார்கள். போன் ஒவ்வொரு முறையும் 08 என்று ஆரம்பிக்கும் புதுப்புது யூஐடி கொடுக்கும். இன்று பதிந்தது நாளை வேலை செய்யாது.

நடுவில் கார்டை எடுப்பதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ரீடர் மேல் கார்டு நிற்கிற மாதிரி ஒரு அக்ரிலிக் தாங்கி செய்து ஒட்டுங்கள். பில் ஆரம்பத்தில் வைத்தால் முடியும்வரை அங்கேயே இருக்கும். கையில் பிடித்துத் தட்டச் சொன்னால்தான் இழுத்துவிடுவார்கள். கார்டை மறந்துவிட்டுப் போவார்கள் என்பது அதன் மறுபக்கம். பில் அடித்ததும் பீப் வைத்துவிடுங்கள்.

கல்லாக்கணக்கு எழுதியது:

தாங்கி யோசனை அருமை. வரவுசெலவு ஐயா, ரிட்டர்ன் வந்தால் பாயின்ட்டை எப்படிப் பிடிப்பது? பாயின்ட் கழித்து வாங்கிய பில்லில் ஒரு பொருள் மட்டும் திரும்பி வந்தால் கணக்குக் குழம்புகிறது.

வரவுசெலவு எழுதியது:

தம்பி, கழித்த பாயின்ட்டைப் பில்லில் எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பணம், யூபிஐ போல அதுவும் ஒரு கட்டண வகை என்று காட்டினால் முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி. பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டினால், விற்கும் நேரத்தில் பில்லில் பதிந்த தள்ளுபடியை மதிப்பில் சேர்க்க வேண்டாம் என்கிறது சிஜிஎஸ்டி சட்டத்தின் 15(3) பிரிவு. எதைத் தேர்ந்தாலும் ஆடிட்டரிடம் கேட்டு ஒன்றில் நில்லுங்கள். தள்ளுபடி என்றால் அதைப் பில்லின் அடியில் மொத்தமாகப் போடக்கூடாது, ஒவ்வொரு பொருளுக்கும் பிரித்துப் போட வேண்டும். பொருளுக்குப் பொருள் வரி விகிதம் வேறு அல்லவா.

1,000 ரூபாய் பில், 50 பாயின்ட் கழித்து 950 கட்டினார். பில்லில் ஒவ்வொரு பொருளின் விலையும் 5 சதவீதம் குறையும். அதில் 200 ரூபாய்ப் பொருள் திரும்பி வந்தால் அதன் விலை இப்போது 190. கையில் 190 ரூபாய், கார்டில் 10 பாயின்ட் திருப்பிக் கொடுங்கள். 200-ஐயும் பணமாகக் கொடுத்தால் பாயின்ட்டைப் பணமாக்கும் வழியைக் கடையே திறந்து வைத்த மாதிரி. அடுத்து, அந்தப் பில்லுக்குக் கொடுத்த பாயின்ட். 950-க்கு 9 கொடுத்திருப்பீர்கள். இப்போது வாங்கியது 760, அதற்கு 7. ஆக 2-ஐத் திருப்பி எடுக்க வேண்டும். 10 கொடுத்து 2 எடுத்து, நிகரம் 8 ஏறும். பேரேட்டில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

திருப்பி எடுக்கும்போது அவர் பாயின்ட்டை ஏற்கெனவே செலவழித்திருந்தால் பாலன்ஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். இதற்குச் சாஃப்ட்வேர் இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 20,000 ரூபாய்க்கு வாங்கி, 200 பாயின்ட்டைச் செலவழித்து, மறுநாள் சாமானைத் திருப்பிக் கொடுப்பார்கள். புது பாயின்ட்டை 7 நாள் கழித்துத்தான் செலவழிக்கலாம் என்று வைத்தாலும் இது அடைபடும்.

செலவுக் கணக்கும் பாருங்கள். ஒரு கார்டுக்கு மாதம் 4,000 ரூபாய் வியாபாரம் என்று வைத்தால் 40 பாயின்ட். 5,000 கார்டுக்கு மாதம் 2 லட்சம் ரூபாய். கொடுத்த நாளிலேயே அது கடையின் கடன், அவர் வந்து கேட்கும் நாளில் அல்ல. அரிசி, எண்ணெய், சர்க்கரை போன்ற லாபம் குறைந்த சரக்குக்குப் பாயின்ட் உண்டா இல்லையா என்பதைக் கார்டு அடிக்கும் முன் கடைக்காரர் முடிவு செய்யட்டும். கொடுத்துவிட்டுப் பின்னால் நிறுத்தினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

பிட்டும்பைட்டும் எழுதியது:

பூஜ்ஜியத்துக்குக் கீழே என்றதும் ஞாபகம் வந்தது. டெஸ்ஃபயர் வேல்யூ ஃபைலை உருவாக்கும்போதே கீழ் வரம்பு, மேல் வரம்பு கேட்கும். வழக்கமாக எல்லோரும் கீழ் வரம்பை 0 என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் மேலே சொன்ன ரிட்டர்னில் கார்டு கழிக்க மறுத்துவிடும். மைனஸ் 500 என்று போடுங்கள், எண் மைனஸ் ஏற்கும். பொருள் வாங்கும்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளட்டும். மேல் வரம்பு 10,000 போதும். கவுன்ட்டரில் யாராவது விளையாடினாலும் கார்டே அதற்கு மேல் வாங்காது.

கல்லாக்கணக்கு எழுதியது:

நன்றி. டாங்கிள் போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் நெட் போகிறது என்று எடுத்துக்கொண்டு முடிவு செய்யப் போகிறோம். கடைசியாக ஒன்று: கார்டு தொலைந்தால் புதுக் கார்டு கொடுக்கும்போது பழைய கார்டை நெட் இல்லாத கவுன்ட்டரில் எப்படித் தடுப்பது?

பிட்டும்பைட்டும் எழுதியது:

மெம்பர் நம்பரும் கார்டு நம்பரும் வேறு வேறாக இருந்தால் எளிது. மெம்பர் 1204-க்கு முதல் கார்டு, இரண்டாவது கார்டு என்று டேபிளில் இருக்கும், பேரேடு மெம்பர் பெயரிலேயே தொடரும். தடுத்த கார்டுகளின் பட்டியலைத் தினமும் கடை திறக்கும்போது ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் இறக்குங்கள். 5,000 கார்டில் பட்டியல் சில நூறு வரியைத் தாண்டாது. பட்டியல் 3 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் அந்தக் கவுன்ட்டரில் நெட் வரும்வரை கழிப்பதை நிறுத்திவிட்டு ஏற்றுவதை மட்டும் அனுமதியுங்கள். தடுத்த கார்டு ஒன்று தட்டப்பட்டால் பட்டியலில் பார்ப்பதோடு நிற்காமல், கார்டிலேயே பாலன்ஸைப் பூஜ்ஜியமாக்கி "தடுக்கப்பட்டது" என்ற குறியையும் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு பட்டியல் இல்லாத கவுன்ட்டரிலும் அது ஓடாது.